அறுபத்தொன்றாவது பெயர்

நீதிமன்றப் பட்டியலில் என் பெயர் அறுபத்தொன்றாவது.
எனக்கு மேலே புல்விதை விற்றவன்,
எனக்குக் கீழே ஆம்புலன்ஸ் கம்பெனி.
ஓர்னெல்லா ப்ரிட்சி, சலவை,
நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு யூரோ.

வால்தோர்சா கால்பந்துக் கழகம் திவாலான அன்று
ஊரே மைதானத்து வாசலில் நின்று அழுதது.
நான் பின்கட்டில் நின்றிருந்தேன்.
முப்பத்தாறு சட்டைகள் காய்ந்து விறைத்துக் கிடந்தன கொடியில்.
எடுத்துப்போக ஆள் வரவில்லை.

ஏழு வருஷம்.
பெனால்டி புள்ளியில் ஒரு அத்திக்கன்று முளைத்தது.
அவ்வளவு உள்ளே யாரும் போகாததால்
அது நன்றாகவே வளர்ந்தது.

பிறகு ஏலம்.
கொக்குச் சின்னம், கழகத்தின் பெயர், சிவப்பு பச்சை நிறம்,
மூன்றும் ஒரே மூட்டை, கேள்வி விலை பதினோராயிரம்.
பஸ் ஓட்டும் ஃபியொரென்சோ,
மருந்துக்கடை காத்தியா,
இரும்பாலையில் இராப்பணி பார்க்கும் செனகல்காரன் செரீஞ்
வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்துவிட்டார்கள்.
கோப்பைதான் கைக்கு எட்டவில்லை.
தூரினில் ஒரு மரச்சாமான் வியாபாரி எடுத்துப்போனான்,
குடை செருகி வைத்திருக்கிறானாம் அதில்.

என்னிடமும் வந்தார்கள்.
பங்கு ஒன்று ஐம்பது யூரோ, பொதுக்குழுவில் ஓட்டு உண்டு.
காபி போட்டுக் கொடுத்தேன். கேட்டேன்:
செத்தவன் பேரை ஏலத்தில் எடுத்தீர்கள், சரி,
செத்தவன் கடனை எடுத்தது யார்?

காத்தியா சட்டம் சொன்னாள்.
அது பழைய கழகம், இது புதுசு,
அதன் பாக்கி அதோடு போயிற்று.

அப்படியா.
எழுபத்துநாலில் மேல் டிவிஷனுக்கு ஏறியது எந்தக் கழகம்?

நம்முடையது, என்றான் ஃபியொரென்சோ, யோசிக்காமல்.
பிறகு யோசித்தான்.
செரீஞ் மட்டும் சிரித்துவிட்டு
சிரித்ததை மறைக்கக் கோப்பையைத் தூக்கினான்.

கோல் எல்லாம் சொத்தில் சேரும்,
அழுக்குத்துணி சேராது.
நல்ல பாகப்பிரிவினை, என்றேன்.
காபி ஆறியது. பங்கு வாங்கவில்லை நான்.

செப்டம்பரில் முதல் ஆட்டம்.
கடைசிப் பிரிவு. அதற்குக் கீழே படி கிடையாது, தரைதான்.
எதிரே பக்கத்து ஊர் மாதா கோயில் பையன்கள்.
அத்தியைப் பிடுங்கிய பள்ளம் சரியாக மூடவில்லை என்று கேள்வி.
மழை வேறு.

நான் போகவில்லை.
அடுக்களை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன், காற்றுக்காக.
ஆற்றைத் தாண்டிச் சத்தம் வரும்.
மூன்று தடவை ஊர் ஒரேயடியாக ஊமையானது.
மூன்று கோல், என்று எண்ணிக்கொண்டேன்.
கடைசியில் ஒரே ஒரு அலறல்,
நடுவில் முறிந்து முனகலாக இறங்கியது.
கம்பத்தில் பட்டிருக்கும்.
கம்பத்தில்தான் பட்டதாம்.

இரவு மணி அடித்தது.
கீழே வந்தபோது பஸ் திரும்பிக்கொண்டிருந்தது,
வாசலில் இரண்டு பை, சேறு நாற்றம்.
மேலே ஒரு கவர். நாற்பது யூரோ.
பஸ் டிக்கெட் தாளில் ரசீது:
பழைய பாக்கி, முதல் தவணை.
அடியில் மூன்று கையெழுத்து.

கணக்குப் போட்டேன்.
மாசம் நாற்பது என்றால் நூற்றெட்டு மாசம்.
ஒன்பது வருஷம்.
எனக்கு எழுபத்தொன்று ஆகியிருக்கும்.
அதுவரை இந்தக் கழகம் சாகக்கூடாது.
மூன்று கோல் வாங்கட்டும், ஏழு வாங்கட்டும்,
சாகக்கூடாது.
படுபாவிகள்,
என்னை ரசிகையாக்கிவிட்டார்கள்.

மலிவுத் துணி. சிவப்பு இறங்கிப் பச்சையைக் கெடுக்கும்.
குளிர்ந்த தண்ணீர், ஒரு பிடி உப்பு.
நாலாம் நம்பர் சட்டையில் தோள்பட்டை கிழிந்திருக்கிறது.
யாரோ இழுத்திருக்கிறான், நடுவர் பார்க்கவில்லை போல.
தையலுக்குத் தனிக் கூலி.
ரசீதின் பின்பக்கம் குறித்து வைத்தேன்,
அதற்குக் கீழே, மறந்துபோகாமலிருக்க:
சாக்ஸை உட்புறம் திருப்பிப் போடச் சொல்லவேண்டும்
எல்லாப் பயல்களிடமும்.