பதினோராம் உருப்படி

ஆனி மாதம் டென்மார்க்கிலிருந்து பெட்டி வந்தது.
காற்றாலையின் வயிற்றில் என்ன உறுமுகிறதென்று
காது வைத்துக் கேட்கும் கருவிகள்.
பதினான்கு உருப்படி.
வந்தது வந்தபடி ஆறு வாரத்தில் திரும்ப வேண்டும்.
விற்கக் கூடாது, கொடுக்கக் கூடாது.
தீர்வை கிடையாது, வாக்கு மட்டும்.

முன்பு அந்த வாக்குக்குப் பச்சை அட்டை இருந்தது.
உள்ளே வெள்ளைத் தாள், மஞ்சள் தாள்,
கிழிப்பதற்கென்றே துளையிட்ட ஓரம்.
திருவனந்தபுரம் சரக்கு முனையத்தில்
முத்திரை மங்கலாக விழுந்தால்
அஜிதகுமாரி மேடம் மையை ஊதிவிட்டு
மறுபடி ஒரு குத்து குத்துவார்.
இந்த முறை சோதனை ஓட்டமாம்.
கைபேசியில் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம்.
கோபன்ஹேகனிலும் வடசேரியிலும்
ஒரே நேரத்தில் திறக்கும்.
வடசேரியில் திறந்தவள் நான்,
பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில்,
மின்விசிறியை மூன்றில் வைத்து.

ஆரல்வாய்மொழிக் கணவாயில்
காற்று யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.
எண்பது மீட்டர் உயரத்தில் ஷிபின்,
இடுப்பில் கயிறு, பல்லிடுக்கில் டார்ச்.
உணரியைக் கழற்றிப் பையில் போடுகிற அந்த நொடியில்
போச்சு.
உள்ளங்கை அளவு, காந்த அடி,
நூற்றிநாற்பது கிராம்.
பட்டியலில் பதினொன்று.

கீழே பிச்சித் தோட்டம்.
ஹென்ரிக், ஷிபின், நான்,
மூன்று நாள் குனிந்தே நடந்தோம்.
ஹென்ரிக்கின் கழுத்து செவ்வாழை நிறமாயிற்று.
தோட்டக்காரி கனகபாய் வரப்பில் நின்று சொன்னாள்:
“மொட்ட மிதிக்காம தேடுங்க சாரே,
விடியங்காட்டியும் பறிக்கலேன்னா விரிஞ்சு போவும்.
அதுக்கும் கெடு உண்டும்.”

கெடு நாளில் கட்டம் கேட்டது.
வந்தவை பதினான்கு, திரும்புபவை பதின்மூன்று,
குறைவுக்குக் காரணம்?
தொட்டால் விரிகிறது:
விற்கப்பட்டது
அழிந்தது
திருடுபோனது
பிற.
காற்று என்றொரு வரி இல்லை.

தாளாக இருந்தால் ஓரத்தில் எழுதியிருப்பேன்.
மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
முதலில் என் முகத்தைப் படிப்பார்,
அப்புறம்தான் எழுத்தை.
இங்கே ‘பிற’வுக்கு ஐம்பது எழுத்து இடம்.
மேலிருந்து விழுந்தது, மூன்று நாள் தேடினோம்
என்று அடித்தேன்.
தேடியதைக் கேட்டது யார் என்று தோன்ற
பின்பாதியை அழித்தேன்.
ஏற்றுக்கொண்டது.
தீர்வை, வட்டி, ரசீது,
எல்லாம் சேர்த்துப் பதினேழு வினாடி.
மேடத்தின் மேசையில் மைப்பெட்டி மூடியே கிடந்தது.
பெட்டி பறந்தது.

மறுநாள் தோவாளைச் சந்தை.
இருட்டில் நெற்றி விளக்கோடு பறித்த பிச்சியை
மாதேவன் பிள்ளையின் தராசில் கொட்டினாள் கனகபாய்.
பூவோடு பூவாக வந்தது
இரும்புத் தட்டின் அடி மடிப்பில் போய்க் கவ்விக்கொண்டது.
அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற
முப்பது பேரின் கூடையிலும்
அன்று நூற்றிநாற்பது கிராம் கூடுதல்.
கிலோ அறுநூறு ரூபாய்.
கடை கழுவும்போதுதான் பையன் கையில் தட்டுப்பட்டது.
இழுத்தால் வரவில்லை,
நெம்பி எடுத்தானாம்.

கட்டத்தைத் திறந்தேன்.
கிடைத்துவிட்டது என்பதற்குப் பொத்தான் இல்லை.
உதவி மையத்துக்கு எழுதினேன்.
கோப்பு மூடப்பட்டது, நன்றி.
ஹென்ரிக்குக்குப் படம் அனுப்பினேன்,
சிரிக்கிற முகம் ஒன்று வந்தது.

இப்போது அது என் பீரோக் கதவில்
கரண்டுபில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
தீர்வை கட்டிய சாமான்,
யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

மாதேவன் பிள்ளைதான் போன் பண்ணுகிறார்,
வாரத்துக்கு ஒருமுறை.
அன்றைக்கு அவருக்கு நஷ்டம்
இரண்டாயிரத்துச் சொச்சமாம்.
அதை எந்தக் கட்டத்தில் போட, பிள்ளே,
என்று கேட்கிறார்.