ஒற்றைச் செருப்பு

சனிக்கிழமை. முகர்ரக்கில்
ஐந்து வீடுகள் பார்ப்பதாகத் திட்டம்.
முத்து வணிகர்கள் வாழ்ந்தவை,
பவளக்கல் சுவர், செதுக்கிய கதவு.
முதல் கதவிலேயே முக்கால் மணி நேரம்:
ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரை
ஆக்னஸ் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வீட்டில் ஒருவர் சொன்னார்,
மூக்கில் இடுக்கி மாட்டித்தான் மூழ்குவார்களாம்.
கேட்டது பிளெஸ்ஸி.
செய்து பார்த்தது ஆக்னஸ்,
தம்பியின் மூக்கில்.
சேவியின் அழுகைக்கு
அந்தக் கூடம் நன்றாக எதிரொலித்தது.

அப்புறம் டயப்பர். அப்புறம் வாழைப்பழம்.
தள்ளுவண்டி சந்துக்குச் சந்து முரண்டுபிடிக்க
மூன்றாம் வீட்டைப் பூட்டிவிட்டார்கள்.
காரில் பெல்ட் போடும்போதுதான் பார்த்தோம்,
சேவிக்கு ஒரு காலில் செருப்பில்லை.

"போனால் போகட்டும்" என்றேன்.
"மூணரை தினார்" என்றாள்.
திரும்பினோம்.

தலை குனிந்தபடி, விளக்குக்கு விளக்கு.
கம்பத்து உச்சிகளில்
வெள்ளை உருண்டைகள் எரியத் தொடங்கியிருந்தன.
"பந்து... இன்னொரு பந்து..."
ஆக்னஸ் மட்டும் அண்ணாந்து வந்தாள்.
எனக்குத் தரைதான்:
சிப்பித் துணுக்கு மின்னும் தரை,
பூனைக்கு வைத்த மீன்தலை,
ஒரு வாசலில் கழற்றிப்போட்ட எட்டு ஜோடி,
உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம்.
பகலில் இதில் ஒன்றையும் பார்க்கவில்லை.

செருப்பு ஒரு ஜன்னல் விளிம்பில் இருந்தது.
யாரோ எடுத்து, தூசி தட்டி,
தெருவைப் பார்க்க வைத்திருந்தார்கள்.

பிளெஸ்ஸி உடனே அதைத் தொடவில்லை.
"ஒரு போட்டோ எடு" என்றாள்.
அன்றைக்கு எடுத்தது அது ஒன்றுதான்.
சேவி கையைத் தட்டியதில்
கொஞ்சம் ஆடியிருக்கிறது.