பை காப்பவள்

எதில் சுற்றினாலும் எனக்கு வாந்தி வரும்.
அதனால் எப்போதும் நான்தான் பை காப்பவள்.

உச்சிப்புளி தாண்டி
கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் பூங்கா.
ஏழு சோடிச் செருப்பு காலடியில்.
நான்கு கைபேசி, ராவியத்து லாத்தாவின் மூக்குக்கண்ணாடி,
இன்ஷாப் பாதி கடித்து வைத்த சமோசா
மடியில்.
அவர்கள் மேலே தலைகீழாகக் கத்துகிறார்கள்.
கீழே எனக்கு நிறைய நேரம்.

பக்கத்தில் ஒரு பாறை.
தட்டினால் டொக்கென்கிறது.
உள்ளே ஒலிபெருக்கி, இடுப்பளவில் கம்பிவலை.
பாட்டு நின்ற இடைவெளியில்
எறும்புகள் வரிசை பிடித்து வெளியே வந்தன.
அடுத்த பாட்டுக்குத்
திரும்பி உள்ளே போயின என்று சொல்ல ஆசைதான்.
போகவில்லை.
சமோசாவுக்கு வந்தன.

ஆவுளியா சிலைக்குப் பூனை மீசை.
இடக்கண் கோலிக்குண்டு, வலக்கண் வெறும் பெயிண்ட்டு.
கடல்பசு என்று பலகையில் எழுதியதை நம்பி
எந்தப் பிள்ளையோ
கரித்துண்டால் கொம்பு வரைந்துவிட்டுப் போயிருக்கிறது.
அழிக்க வந்தவர் ஒரு கொம்போடு விட்டுவிட்டார்.

நான் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு
ஏதோ ஒரு வள்ளத்தின் பக்கப்பலகை.
ஆணி இருந்த துளைகளில் மக்கு அடைத்திருக்கிறது.
பச்சைக்கு அடியில் சிவப்பு,
சிவப்புக்கு அடியில் பதிவெண்ணின் வால்.
மூன்றா எட்டா தெரியவில்லை.
சுரண்டிப் பார்த்தேன்.
நகம் பச்சையானதுதான் மிச்சம்.

கரடி நிழலுக்கு வந்தது.
தலையைக் கழற்றக் கூடாதாம், சம்பளம் பிடிப்பார்களாம்.
வாய்த்தையல் பிரிந்த ஓரத்தில் ஸ்ட்ரா நுழைத்து
மோர் குடித்தது.
குதிகால் வெடிப்பில் நீலம்.
குளத்துத் தரையில் பார்த்த அதே நீலம்.

குளத்தருகே பலகை:
அலை, காலை 11 மணி, மதியம் 1 மணி, மாலை 4 மணி.
மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் பெண்கடல்
தாம்பாளத்துத் தண்ணீராகக் கிடக்கிறது.
நாலு மணிக்குச் சங்கு ஊதியது, மோட்டார் உறுமியது.
தொண்டிக்காரர், தேவிபட்டினத்துக்காரர்,
பிறந்ததிலிருந்து காலில் உப்போடு இருப்பவர்கள்
அலை அலை என்று கூவிக்கொண்டு ஓடினார்கள்.
நானும் எட்டிப் பார்த்தேன்.
நல்ல அலைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.
எல்லாம் ஒரே உயரம்.

உயரம் என்றதும்தான் ஞாபகம்.
பெரிய ராட்டினத்து வாசலில்
தகர ஒட்டகச்சிவிங்கி ஒன்று நிற்கிறது,
என் தோளுக்கு வந்தால் ஏறலாம் என்று.
முன்பக்கத்தில் ஊர்ப்பிள்ளைகளின் தலையெண்ணெய்.
பின்பக்கம் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?
பைகளோடு நான் போனேன்.
பென்சில் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று,
ஒவ்வொன்றுக்கும் தேதி,
எல்லாவற்றுக்கும் தே.கி. என்று ஒரே கையெழுத்து.
கடைசிக் கோடு போன தைக்கு.
தோளுக்கு இன்னும் நாலு விரல் பாக்கி.
டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்டேன், யாரது தே.கி.?
அவர் சங்கிலியைக் கழற்றிக்கொண்டே,
‘ஏறுறீங்களாக்கா, கடைசி ரவுண்டு’ என்றார்.
காதுவரை சிவந்திருந்தார்.
வெயிலாகவும் இருக்கலாம்.

இறங்கி வந்தார்கள், முடி கலைந்து, தொண்டை கட்டி.
செருப்புகளை ஆளுக்கு ஆள் மாற்றிப் போட்டுக்கொண்டு
வேனில் ஏறிய பிறகும் அடங்கவில்லை.

ராவியத்து லாத்தா என் தொடையில் தட்டிச் சொன்னார்:
‘உச்சியில நின்னுச்சு பாரு,
பாம்பன் பாலம், அதுக்கு அங்கிட்டு தீவு,
ஒரு விசைப்படகு, அதுல காயப்போட்ட கைலி,
எல்லாம் தெரிஞ்சுச்சு.
நீதான் ஒண்ணும் பாக்கல.’

ஆமாம் லாத்தா என்று
பையைத் திறந்து
அவருடைய கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன்.