அணியத்தில் நான்

மெரிகேயின் முப்பதாவது பிறந்தநாள்.
பதின்மூன்று பேர்.
ஐந்து கயாக்குகளை இளசுகள் பாய்ந்து பிடித்துக்கொண்டன.
இருவர் படகு நான்கு.
மூன்று போனபின் கரையில் மிச்சம்
வயிற்றில் ஒட்டுப்போட்ட ஒரு பச்சைப் படகு,
நான்,
ஆய்வார்.

விவாகரத்தாகிப் பதினோரு வருடம்
ஒரே ஊரில்
வேறு வேறு கடைகளில் ரொட்டி வாங்கியவர்கள்.

வண்டிக்காரன் குல்தார் சொன்னான்:
"சாலையில் ஏழு கிலோமீட்டர்.
ஆஹ்யா ஆற்றில் பத்தொன்பது.
அவசரக்காரர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்."
யாரும் சொல்லவில்லை.

அணியத்தில் நான், அமரத்தில் அவன்.
முன்னால் இருப்பவளுக்குக் கல் தெரியும்,
பின்னால் இருப்பவன் முகம் தெரியாது.
அவனுக்கு என் முதுகு தெரியும்.
அது அவனுக்குப் பழகியதுதான்.

"இடது."
"வலது."
"கிளை, குனி."
பதினோரு வருடத்தில்
எங்களுக்குள் நடந்த மிக நீண்ட உரையாடல்.

பால் விடாத தேநீர் நிறத்தில் தண்ணீர்.
கரையில் ஒரு நீல வீடு,
கொடியில் நான்கு படுக்கை விரிப்பு.
அரை மணி நேரம் தோள் நோகத் துடுப்புப் போட்டபின்
அதே நீல வீடு, இப்போது இடப்பக்கம்.
கொடியில் இரண்டு.
"முன்னேறுகிறோமா?" என்றேன்,
ஆற்றைக் கேட்பதுபோல.
"துணி காய்கிறதே" என்றான்.

சிரிப்பு வந்தது. நல்லவேளை, அவனுக்கு முகம் தெரியாது.
முதுகு குலுங்கியதைப் பார்த்திருப்பான்.

நாணலுக்கு அந்தப் பக்கம்
மெரிகேயின் மஞ்சள் தலைக்கவசம்
எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.
ஏன் திரும்பி வருகிறாள் என்று பதறினேன்.
திரும்பவில்லை, போய்க்கொண்டுதான் இருந்தாள்.
இத்தனை வளைவில்
முன்னால் போகிறவர்கள்
எதிரே வருகிறவர்களாகத்தான் தெரிகிறார்கள்.
கையாட்டினாள்,
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கை.

பீவர் கொறித்துச் சாய்த்த மரம் ஒன்று
ஆற்றை முழுசாக அடைத்துக் கிடந்தது.
இறங்கி, படகை அதன்மேல் இழுத்தோம்.
என் இடது பூட்ஸைச் சேறு வைத்துக்கொண்டது.
ஆய்வார் தோள்வரை கைவிட்டுத் துழாவினான்,
நெடுநேரம்,
கன்னம் தண்ணீரில் படிய.
வந்தது ஒரு காலணி.
என்னுடையதில்லை. என்றைக்கோ யாரோ விட்டுப்போனது.
ஆனால் இடதுகால்தான்.
பாசியைக் கழுவி நீட்டினான்.
போட்டுக்கொண்டேன்.
இரண்டு அளவு பெரிசு.

மூன்றாம் முறை நீல வீடு வந்தபோது
கொடி வெறுமையாக இருந்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

கரையேறியதும் படகைக் கவிழ்த்து
தலைமேல் தூக்கி நடந்தோம்.
உள்ளே இருட்டு, சொட்டும் ஈரம், இரண்டு தலை.
குரல் பானைக்குள் பேசுவதுபோல முழங்கியது.
பாதை நடுவே ஒரு குட்டை.

"இடது" என்றேன்.

காய்ந்த தரையில்
மூன்று பூட்ஸும் அந்த விருந்தாளிக் காலணியும்
ஒன்றாய் இடப்பக்கம் ஒதுங்கின.