தலையாட்டி

கடுகின் பாதி அகலம் கூட இல்லை இந்தத் தங்கம்;
அடகுக்கடையில் நீட்டினால் சிரிப்பார்கள்.
திருநெல்வேலியில், இரண்டாம் மாடியில்,
வாடைக்காற்று யன்னலைத் தட்டும் கார்த்திகையில்
அதன்மேல் பிறபொருளெதிரிகளை நட்டு
நாலு பாகையில் இரவு முழுக்க விட்டிருந்தேன்.

அவற்றுக்கு ஒரேயொரு முகம்தான் தெரியும்:
சூலகப் புற்றின் புரதம்.
அல்புமின் போகும், அசையாது.
ஆயிரம் போகும்.
தனக்குரியது வந்தால் பிடித்துக்கொள்ளும்.

மாணவர்களுக்குப் பூட்டும் திறப்பும் என்று சொல்லுவேன்.
எனக்குள் வருவது வேறு:
தொண்ணூற்றாறு, பள்ளிக்கூட மைதானம்,
சாக்குக்குள் இரண்டு கண்.
அப்பாவுக்குப் பின்னால் நடந்தேன்.
தலை ஆடினால் ட்ரக்.
ஆடாவிட்டால் வீடு.

இங்கே தலை ஆடுவது மின்னோட்டத்தில் தெரியும்.
புரதம் வந்து வாசலில் குந்திவிட்டால்
இலத்திரன்களுக்கு வழியில்லை.
வளைகோட்டின் முடி தாழும்,
அவ்வளவுதான்.

ஒப்பிட, சுகதேகிகளின் குருதியும் வேண்டும்.
ஆறு பேர் தந்தார்கள்.
முகவை கழுவும் மரியபுஸ்பம் அக்கா
"உந்த ஊசிக்கு ஆர் பயம்?" என்று கை நீட்டினா.
பெயரை அழித்து இலக்கம் போட்டோம்.
ஐந்து யாரென்று எனக்குத் தெரியக்கூடாது.
ஆறே பேர். தெரியும்.

ஐந்து தாழ்ந்தது.
புது மின்வாய் எடுத்தேன், தாழ்ந்தது.
தாங்கற் கரைசலை மாற்றினேன்.
உவர்க்கிணற்றுக் குளோரைட்டைச் சந்தேகித்தேன்,
ஜெனரேற்றரை, புவித்தொடுப்பை,
என் கையை.
மூன்றாம் முறையும்.

இது இன்னும் கருவியில்லை.
ஐந்துக்கு ஒருமுறை பொய் சொல்லும்;
நானே கணக்கிட்டு அட்டவணையில் போட்டது.
"முடிவுகள் அறிவிக்கப்படமாட்டா" என்ற வரிக்குக் கீழே
அவவின் கையெழுத்து,
'ஷ்'ஷன்னாவை எழுதத் தயங்கி
'ஸ்' போட்டு முடித்தது.

சாக்குக்குள் நின்றவனுக்கும்
கழுத்து இப்படித்தான் கனத்திருக்குமோ?
அவனை இதுவரை
நான் ஒரு ஆளாக நினைத்ததில்லை.

கீழே போனேன்.
தொட்டியடியில் முழங்கை வரை சவர்க்கார நுரை.
"என்ன சேர், முகம் ஒரு மாதிரி,
கறண்ட் குறைஞ்சிட்டுதோ?"
ஓம் அக்கா.
"பியூஸ் போயிருக்கும்."
இல்லையென்று தலையை ஆட்டினேன்.

பிறகு, பிழையாகவும் இருக்கலாம் என்று தொடங்கி,
தெல்லிப்பழைக்கு ஒருக்கா போய்வருவமோ, நானும் வாறன்,
என்று சொல்லி முடிக்கும் வரை
அவ தண்ணீரைப் பூட்டவில்லை.

"பொறுங்கோ" என்றா.
"இன்னும் ரெண்டு முகவை கிடக்கு."