தோணி மடிப்பு

பெக்கோவின் பல் பட்டு
பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது,
வெள்ளவத்தையில், தண்டவாளத்துக்கும்
எங்கள் கட்டடத்துப் பின்மதிலுக்கும் இடையில்,
யாரும் நடாத ஒன்று.

இடுப்பளவு உயரம்.
ஏழு ஓலையில் நாலு முறிந்திருந்தன.
அடியில் பட்டை உரிந்து
ஈர நார் தெரிந்தது,
றோஸ் பாணைப் பிய்த்தது போல.

பெக்கோ ஓட்டும் நவ்பர் இறங்கி வந்தார்.
"தென்னம்பிள்ளைதானே, அடுத்த கிழமை
நல்லதா ரெண்டு வாங்கித் தாறன்."
அவரில் பிழையில்லை.
வடிகாலுக்குக் கோடு கீறியவர்
வரைபடத்தில் இதைக் கீறவில்லை.

காவலுக்கு நின்ற லயனல்
தொப்பியைக் கழற்றிக் குனிந்து பார்த்துச் சொன்னான்:
"இந்தி."
மொழியைச் சொல்கிறான் என்று நினைத்தேன்.
"இந்தி, மிஸ், இந்தி" என்று
மட்டையின் அடியைத் தொட்டுக் காட்டி
முள் ஏறிய விரலை உதறினான்.

மூன்றாம் மாடி ஜெஸீமா
பல்கனியில் இருந்தபடியே பேரீச்சை என்றாள்.
என்றைக்கோ ஒரு நோன்பில்
மாலை ரயிலில் யாரோ நோன்பு திறந்து
ஜன்னலால் துப்பிய கொட்டையாம்.
பார்த்தவள் போலச் சொன்னாள்.

அதற்குள் மூன்று பெயர்.
வேர் இன்னும் வெயிலில்.

நனைத்த சாக்கால் வேர்மண்ணைச் சுற்றி
என் பழைய துப்பட்டாவால் கட்டினோம்.
லிப்டில் ஓர் அறிவித்தல் உண்டு:
நாய், பூனை, மீன்கூடை கூடாது.
மரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.
மூன்றாம் மாடியில் கதவு திறந்தது,
ஓலையைக் கண்டு நின்ற பையன்
ஏறாமலே விட்டான்.

மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கியின் நிழலில்,
பெயின்ட் வந்த நீலப் பீப்பாய்.
காயத்துக்கு,
நான் வேலை செய்யும் மருந்துக்கடையில்
திகதி முடிந்து ஒதுக்கிய,
கால்விரல் இடுக்குக்குப் பூசும் பூஞ்சணப் பொடி.

அன்றிரவு ஒரு கீற்றைக் குறுக்கே வெட்டி
மேசை விளக்கின் கீழ் வைத்தேன்,
காலாவதித் திகதி வாசிக்கும் உருப்பெருக்கியோடு.
கீற்று கீழ்நோக்கி மடிந்தால் கூரை: மழை வழிந்துவிடும்.
தென்னை அப்படி.
மேல்நோக்கி மடிந்தால் தோணி: மழை தங்கும்.
இது தோணி.
நவ்பர் சொன்னது போயிற்று.
கீழ்க்கீற்றெல்லாம் முள்ளாகியிருந்தால் ஈச்சு இனம்.
லயனலும் ஜெஸீமாவும் மிஞ்சினார்கள்.
நீலம் பாரித்திருந்தால் பேரீச்சை,
குட்டையாய் நாலு பக்கமும் குத்தினால் காட்டு ஈச்சு
என்று படித்தேன்.
இது நீலமும் பாரித்திருந்தது,
நாலு பக்கமும் குத்தியது.

பெயர் என்ன. சொந்த இடம் எது.
கொழும்புக்கு எப்படி வந்தாய், யார் பொறுப்பு.
உருப்பெருக்கியைக் கீழே வைத்தேன்.
இதே கேள்விகளை, இதே வரிசையில்,
இரண்டாயிரத்து ஏழில், பம்பலப்பிட்டிச் சந்தியில்
முகத்துக்கு டோர்ச் அடித்து ஒருவன் கேட்டான்.
என் பெயரை அவன் பிழையாக எழுதினான்.
ஏதோ ஒரு கோப்பில்
இன்னும் அந்தப் பிழைதான் நான்.

விளக்கை அணைத்துவிட்டு மேலே போனேன்.
குருத்திலும் பக்கத்து மட்டையிலும்
ஒரே நேராய்
சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டேன்.
குருத்து உயிரோடிருந்தால்
ஒரு கோடு மற்றதை விட்டுப் போகும்.

பதினோராம் நாள் இரண்டும் ஒரே நேர்.
இருபதாம் நாளும்.
குருத்தை மெல்ல இழுத்துப் பார், அழுகியிருந்தால்
கையோடு வரும் என்றார்கள்.
இழுக்கவில்லை. பயம்.

இடையில் முகாமைத்துவக் குழுவின் கடிதம்:
மாடியில் வைத்துள்ள பொருளின் விபரம் தருக.
படிவத்தில் "பெயர்" என்ற இடத்தில்
ஈச்சு என்று எழுதி
கேள்விக்குறி போட்டேன்.
"உரிமையாளர்" என்ற இடத்தை விட்டுவிட்டேன்.
செயலாளர் திருப்பி அனுப்பினார்.
அப்படியே மறுபடி கொடுத்தேன்.

நாற்பத்தோராம் நாள், மழை விட்ட காலை,
கீற்றுக்குக் கீற்று ஒரு வரி தண்ணீர்.
குருத்தின் கோடு
மற்றதை விட அரை விரல் மேலே.

கீழே வாசலில் லயனல் கேட்டான்:
"மிஸ், இந்தி எப்படி?"
"ஈச்சு எழும்புது" என்றேன்.
பின்னால் பாண் வாங்க வந்து நின்ற ஜெஸீமா
"பேரீச்சை" என்று திருத்தினாள்.