முந்நூறு முழம்

வெள்ளிக்கிழமை, ஆறாவது பாடவேளை.
ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு. மறைக்கல்வி.
என் பாடம் சமூக அறிவியல்;
இது ஆள் இல்லாததால் வந்து சேர்ந்தது.
நன்னெறி எடுக்கும் டீச்சர் பிரசவ விடுப்பில்,
அதனால் கடலூர் முதுநகரின் எல்லாச் சாமியும்
ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தன.

நோவாவின் பேழையை வாசித்தேன்.
ரெக்சன் கொட்டாவி விட்டான்.
மறுபடி வாசித்தேன்.
இந்தமுறை கொட்டாவி விட்டது நான்.

"முந்நூறு முழம்னா எவ்ளோ மிஸ்?
நம்ம ஸ்கூல் அளவு இருக்குமா?"
தெரியாது என்றேன்.
அந்தச் சொல் போதும், பெல் அடித்த மாதிரி
விளையாட்டறைச் சுண்ணாம்பு வாளியோடு
வெளியே ஓடிவிட்டார்கள்.

கொடிக்கம்பத்தில் தொடக்கம்.
யார் முழம் என்று முதல் சண்டை.
தேசிங்கின் கை துடுப்புப் போல நீளம்,
நஸ்ரீனுடையது பென்சில் பாக்ஸ்.
கடைசியில் பொம்மியிடம் விட்டார்கள்.
அவள் அம்மா தெருவில் கதம்பம் விற்கிறவள்.

பொம்மி முழம் போடுவதைப் பார்க்க வேண்டும்.
சரமில்லாத கையில் சரம் இருக்கும்.
விரல் நுனிக்கு வருமுன்
கட்டைவிரல் நைசாக உள்ளே இழுக்கும்.
முழத்துக்கு நாலு பூ மிச்சம்.
தொழில்.

நூறு தாண்டியதும் தேசிங்கு கேட்டான்:
"மனுஷன் தப்பு பண்ணான், மூழ்கினான். சரி.
மீனுக்கு என்ன மிஸ் தண்டனை?
அதுக்கு அன்னிக்குத் தீபாவளிதானே?"
சோனங்குப்பத்துப் பையன். அவனிடம்
கடல் பற்றி நான் பேசக் கூடாது.
கெடிலம் ஊருக்குள் வந்த வருடம்
எங்கள் மாடிப்படி வரை வந்த படகு
அவன் அப்பாவுடையது.
பேர் கேட்கவில்லை அவர். தலையை எண்ணவுமில்லை.
"குடையை மடக்கும்மா, கண்ணைக் குத்தும்" என்றார்,
அவ்வளவுதான்.

இருநூறில் காம்பவுண்ட் சுவர்.
பேழை நிற்கவில்லை.
வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு
"சிஸ்டர் கேட்டா நான் பாக்கல" என்றார்,
சிஸ்டர் மேல் ஜன்னலில் நின்று
பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

டீக்கடை அடுப்பு உள்ளே.
படுத்திருந்த கருப்பு ஆடு உள்ளே, ஜோடி இல்லாமல்.
பஞ்சர் கடைக்காரர் சோற்றுத் தூக்கோடு உள்ளே.
முந்நூறாவது முழம்
ஒரு ஷேர் ஆட்டோவின் நடு வயிற்றில் முடிந்தது.

"என்ன கோடும்மா இது, ரோடு போடறாங்களா?"
"வெள்ளம் வரும்ணே," என்றாள் நஸ்ரீன்,
"கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தா பொழைச்சுக்கலாம்."
அவர் கோட்டைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.
ஒரு மேகம் இல்லை.
இறங்கி, ஆட்டோவைப் பின்னால் தள்ளி
உள்ளே நிறுத்திவிட்டு
பீடி பற்ற வைத்தார்.

சிரித்து முடித்தபோது நஸ்ரீன் சொன்னாள்,
"எங்க நூஹ் நபியோட பையன் ஏறலை மிஸ்.
அத்தா கூப்பிட்டும் ஏறலை.
மலை மேல ஏறிக்கறேன்னான்."
அப்புறம்? என்றான் ரெக்சன்.
அவள் சுண்ணாம்புக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

என்னிடம் பதில் ஒன்று இருந்தது.
ஆசிரியர் கையேட்டில், பக்கம் நாற்பத்தொன்றில்,
கட்டம் போட்டு.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

பொம்மி ஆட்டோவுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தாள்.
எட்டடி தூரத்தில்
கிழிந்த குடைக்குக் கீழே, ஈரச் சாக்கின் மேல்,
அவள் அம்மா.

"தப்பா அளந்துட்டேன் மிஸ்."
கொடிக்கம்பத்துக்குத் திரும்பிப் போனாள்.
முதல் முழத்திலிருந்து.
கட்டைவிரல் உள்ளே மடங்கவேயில்லை,
நடுவிரலுக்கு மேலும் ஒரு விரற்கடை விட்டு,
காசு வாங்காத வீட்டுக்குப் போடுகிற முழம்.
பெல் அடித்தது. யாரும் நகரவில்லை.
நாற்பது பேர் எண்ணுகிறார்கள், ஒரு தப்பில்லாமல்;
கணக்கு டீச்சர் கண்டிருக்கவே மாட்டார்.

டீக்கடை, ஆடு, பீடிப்புகை,
இருநூற்றுத் தொண்ணூறு,
குடைக்கம்பு.

அம்மா தலை நிமிர்ந்தாள்.
"இதென்னடி முழம்?
இப்படிப் போட்டா
யாவாரம் வெளங்குமா?"